பானைக்குள் இருபத்துமூன்று போன்கள்

என் வீட்டுப் பெரிய அலுமினியப் பானைக்குள் ஒரு கலியாணம் சில வாரங்கள் மூடிக் கிடந்தது. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தவன் நான். மனைவி இதை வருகிற போகிற எல்லோருக்கும் தன் பாணியில் சொல்லித் திரிகிறாள். என் பக்கத்துக் கணக்கும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் புள்ளிவிபரக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன். மாடு, ஆடு, தென்னை, வள்ளம், கிணறு, மலசலகூடம் என்று இந்த மாவட்டத்தில் எண்ணக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தடவையாவது எண்ணியிருக்கிறேன். ஓய்வு பெற்றபோது எண்ணுவதற்கான பொருட்கள் என்னை விட்டுப் போயின. பழக்கம் போகவில்லை. இப்போது வீட்டில் இடியப்பத் தட்டைப் பார்த்தாலும் கண் தானாக எண்ணத் தொடங்கிவிடும். "எண்ணாமத் தின்னுங்க, அது கூப்பன் கடை இல்ல" என்பாள் மனைவி.

எங்கள் வீடு வாவியோரம். முன்கூடம் பெரியது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு இளம் ஆசிரியை அந்தக் கூடத்தில் வாரத்தில் இரண்டு பின்னேரம் ஆங்கில வகுப்பு நடத்துகிறா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் வருவார்கள். இருபத்திரண்டு பேர். கதிரையும் இருபத்திரண்டு. அதில் மூன்றுக்குக் கால் ஆடும். அந்த மூன்றிலும் யார் இருக்கிறார்கள் என்பது என் முதல் கவலை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என்னிடம் வந்தா.

"அங்கிள், இண்டைக்கு இடைவேளையில ரெண்டு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில இருந்து, ஒருத்தருக்கு ஒருத்தர் மெசேஜ் அனுப்பி அனுப்பிச் சிரிக்கிறாங்க. தலைய நிமித்தினா மூக்கும் மூக்கும் முட்டும். ஆனா நிமித்துறாங்க இல்ல."

"அதுக்கு நான் என்ன செய்யிற?"

"இடைவேளை அரை மணித்தியாலமும் போன்கள வாங்கி வைப்பம். முகத்தப் பாத்துக் கதைக்கட்டும். வைச்சிருக்க ஒரு ஆள் வேணும். நம்பிக்கையான ஆள்." கொஞ்சம் நிறுத்தி, "எண்ணத் தெரிஞ்ச ஆள்" என்றா.

என்னை எதில் பிடிக்கலாம் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

சித்திரைக் கஞ்சிக்கு மட்டும் பரணில் இருந்து இறங்கும் பானையை இறக்கினேன். அடியில் பழைய துவாயை விரித்தேன். ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை இலக்கம் எழுதிய பிளாஸ்டர் துண்டுகளை ஆயத்தம் செய்தேன். முதல் நாள் எல்லோரும் வரிசையாக வந்து போட்டார்கள். எண்ணினேன். இருபத்துமூன்று. திரும்ப எண்ணினேன். இருபத்துமூன்று. ஆட்களை எண்ணினேன். இருபத்திரண்டு. ஒன்று குறைந்தால் களவு என்று சொல்லலாம். கூடினால் அதற்கு என்ன பெயர்?

காத்தான்குடிப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது. வகுப்பிலேயே வாய் கூடின பிள்ளை அதுதான்.

"ஐயா, அதுல ஒண்டு நான். மத்தது என்ட கடை."

அபாயா விற்கிற கடையாம். கடைக்கு வேறு இடம் இல்லை, போனுக்குள்தான் இருக்கிறது. அவளுடைய போனுக்குப் பன்னிரண்டு என்றும் கடைக்குப் பன்னிரண்டு 'அ' என்றும் எழுதி ஒட்டினேன். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூடியைப் போட்டேன். பிள்ளைகள் கூடத்தில் இருந்தார்கள். மனைவி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்த வீட்டில்கூட மூலையில் இரண்டு பேர் நெல் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. ஒரு பொடியன் எழுந்து போய் மின்சார மீற்றரைப் படித்தான். ஒரு பிள்ளை பிஸ்கட் பெட்டியைத் திருப்பி அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று முதலிலிருந்து கடைசிவரை வாசித்தது. பலருக்குப் பெருவிரல் முழங்காலில் தானாக அசைந்துகொண்டிருந்தது. கோழியை அறுத்த பிறகும் கால் அசையுமே, அப்படி.

அந்த அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணித் தட்டைச் சுற்றிப் பேசப்பட்ட சொற்கள் பதினெட்டு. அதில் பதினான்கு மனைவி சீனி பற்றிக் கேட்டவை.

சத்தம் பானைக்குள் இருந்துதான் வந்தது. ஏழாம் இலக்கம் அடித்தது. அலுமினியப் பானைக்குள் போன் துடித்தால், உயிர் நண்டைப் போட்டு மூடியதுபோல் ஒரு பிறாண்டல். அது வவுணதீவுப் பொடியனுடைய போன். பாலம் கடந்து சைக்கிளில் வருகிற, அதிகம் பேசாத பொடியன். எழுந்து வந்து மெதுவாகச் சொன்னான்.

"ஐயா, அது அம்மா."

"வீட்ட போய்க் கதையுங்க மகன். ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்."

"ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தான். அவன் வேறு விளக்கம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வகுப்பிலும் அதே நேரத்துக்கு அந்த நண்டு பிறாண்டியது. நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். இடைவேளை முடிந்து போன்களைத் திருப்பிக் கொடுத்த உடனே ஏழாம் இலக்கம் மளமளவென்று எதையோ தட்டும். கூடத்தின் மற்றத் தொங்கலில் பதினாறாம் இலக்கம் குனிந்து சிரிக்கும். பதினாறு ஒரு குருக்கள்மடத்துப் பிள்ளை. இது ஒவ்வொரு நாளும் நடந்தது. நான் அதைத் தற்செயல் என்ற பத்தியில் போட்டு வைத்தேன்.

இரண்டாம் நாளும் கூடம் அப்படியேதான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் புள்ள கதைக்கிறீங்க இல்ல?" என்று காத்தான்குடிப் பிள்ளையிடம் கேட்டேன்.

"என்னத்த ஐயா கதைக்கிற?"

"பக்கத்தில இருக்கிறவவத் தெரியாதா?"

"தெரியும். போன்ல என்ட பிரண்ட். அவட பூனைக்கு என்ன பேர், அது எத்தின குட்டி போட்ட, எல்லாம் தெரியும்."

"அவ எந்த ஊர்?"

பிள்ளை திரும்பிப் பார்த்தது. "அத அவ போடல்ல ஐயா."

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் மூன்று கேள்விகள் உண்டு. எந்த ஊர், ஆருடைய பிள்ளை, என்ன குடி, அதாவது எந்த வம்சம். மூன்றாவதற்கு விடை வந்ததும் உறவுமுறை வந்துவிடும். ஒரே குடி என்றால் சகோதரம். முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன், தங்கச்சி. அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சே எழாது. வேறு குடி என்றால் மச்சான், மச்சாள். பகிடி விடலாம், பெண் கேட்டும் போகலாம். குடி தாய்வழியாக வருவது. தகப்பன் எத்தனை ஏக்கர் வயல் வட்டைக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் இந்த விசயத்தில் அவருக்கு வாய் இல்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதே கணக்குத்தான்.

இதையெல்லாம் நான் பிள்ளைகளுக்கு விளக்கவில்லை. சோற்றை வாயால் சாப்பிட வேண்டும் என்று யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. "என்ன குடி எண்டு வீட்டில கேட்டுக்கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வகுப்புக்குப் பத்தொன்பது பேர் குடியோடு வந்தார்கள். மூன்று பேருக்கு இல்லை. இரண்டு பேர் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லையாம். மற்றவ தாய் தகப்பன் இரண்டு பக்கமும் மலையகம். அவவுக்குக் குடியே கிடையாது என்றபடியால் எல்லோருக்கும் மச்சாள் என்று தீர்த்தோம். அன்றிலிருந்து வகுப்பில் ஆக மதிப்புள்ள ஆள் அவதான். மெதடிஸ்த குடும்பத்து ஆசிரியை தங்களுக்குக் குடியே இல்லை என்று நினைத்திருந்தா. அவவுடைய தாயிடம் கேட்டால், அந்த மனுசி மீன் வெட்டிக்கொண்டே நாலு தலைமுறையைச் சொல்லி முடித்ததாம்.

கதிரைகளைக் குடிவாரியாகப் பிரித்துப் போட்டேன். ஏழு கூட்டம் வந்தது. அப்போது எழுந்த சத்தத்தில் வாவியோரம் நின்ற கொக்கு பறந்துபோனது. காத்தான்குடிப் பிள்ளைக்கும் ஏறாவூர்ப் பொடியனுக்கும் ஒரே குடி. "அப்ப என்ட கடையில நீ விலைக் கழிவு கேக்க ஏலாது. சொந்தக்காரனுக்குக் கழிவு இல்ல" என்றாள் அவள். ஒருவன் தன்னைவிட இரண்டு மாதம் மூத்தவளை அக்கா என்று கூப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவள் அவனுடைய பிஸ்கட்டைப் பறித்தாள். மீற்றர் படித்த பொடியன் மலையகத்து மச்சாளிடம் எதையோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆசிரியை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டா. அங்கே பேசப்பட்ட சொற்களை எண்ண என்னால் முடியவில்லை. என் சேவைக் காலத்தில் அப்படி ஒருநாள் இருந்ததில்லை.

ஆறாவது கூட்டத்தில் இரண்டு கதிரைதான். அதில் வவுணதீவுப் பொடியனும் குருக்கள்மடத்துப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து இருந்தார்கள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

"ஏன் மகன் பேசாம இரிக்கிறீங்க? நீங்க அண்ணன், அவ தங்கச்சி. தங்கச்சிக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக் குடுங்க" என்றேன்.

அவன் எடுத்தான். அது அவன் கையில் இரண்டாக உடைந்தது. ஒரு பாதியைக் கொடுத்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இடைவேளை முடிந்து நான் எண்ணிப் பார்த்தபோது தட்டில் மிச்சம் எதுவும் இல்லை. அவளுடைய கதிரையில் மட்டும் அரை பிஸ்கட் இருந்தது.

அன்று வகுப்பு கலைந்த பிறகு காத்தான்குடிப் பிள்ளை குசினிக்குள் போய் மனைவியோடு குசுகுசுத்துவிட்டுப் போனாள். பிறகு மனைவி வந்து என் முன்னால் நின்றாள்.

"ஒரு வருசமாம்."

"என்ன ஒரு வருசம்?"

"அந்தப் பொடியனும் அந்தப் புள்ளையும். போன்ல."

"அவங்க ரெண்டு பேரும் ஒருநாளும் கதைச்சு நான் காணல்லயே."

"போன் இரிக்கக்குள்ள வாயால ஏன் கதைக்கிற? கெம்பஸ் போக முதல் ரெண்டு வீட்டையும் சொல்லுறதுக்கு இருந்தாங்களாம். அதுக்குள்ள நீங்க அண்ணன் தங்கச்சி ஆக்கி, பிஸ்கட்டும் குடுக்க வைச்சிட்டீங்க."

ஏழு தட்டும், பதினாறு சிரிக்கும். தற்செயல் என்ற பத்தியில் இருந்து அதை எடுக்க வேண்டி வந்தது.

"குடி நான் செஞ்சதா? பிறந்த நாளில இருந்து இரிக்கிறதுதானே."

"கேட்டது நீங்க."

"கலியாணம் எண்டு வந்தா எப்பிடியும் கேப்பாங்க."

"அப்ப அவங்க கேக்கட்டும். நீங்க ஏன் தேத்தண்ணியோட கேட்டீங்க?"

அன்று இரவு மூன்று இடியப்பத்தோடு எழுந்துவிட்டேன். மற்ற நாட்களில் ஏழு.

அடுத்த வகுப்புக்கு அவன் வரவில்லை. பானைக்குள் இருபத்திரண்டு போன். ஆள் குறைந்தது ஒன்று, போன் குறைந்தது ஒன்று. கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிறாண்டல் சத்தம் இல்லாமல் பானை ஒரு மாதிரி இருந்தது. பதினாறாம் இலக்கம் போனை முதல் ஆளாகப் போட்டுவிட்டுக் கடைசி ஆளாக எடுத்தது. எடுத்ததும் பைக்குள் வைத்தது. மற்றவர்கள் ஆறாவது கூட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாமல் மச்சான் மச்சாள் என்று கூடத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியைக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அங்கிள், இடைவேளைய முக்கால் மணித்தியாலம் ஆக்குவமா?"

"வேணாம்" என்றேன். இன்னும் கால் மணித்தியாலம் கூடினால் இன்னும் யாருடைய தலையில் என்ன விழுமோ என்ற பயம்.

காத்தான்குடிப் பிள்ளைதான் செய்தி கொண்டுவந்தாள். பொடியன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேரப் போகிறானாம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறான், ஆனால் போகவில்லையாம்.

"ஏன் புள்ள, அது வேற இது வேறதானே?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கெம்பஸ் கிடைச்சிரிக்கி ஐயா. நாலு வருசம் தங்கச்சி எண்டு கூப்பிட்டுக்கொண்டு திரிய ஏலாதாம்."

நான் என்ன செய்ய முடியும்? கச்சேரியில் பிழை வந்தால் திருத்தலாம். இன்னொரு தடவை வீடுவீடாகப் போய் எண்ணலாம். குடிக்கு மறு எண்ணிக்கை இல்லை. நான் காலையில் வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி வந்து, "எத்தின வள்ளம்?" என்று கேட்பாள். எண்ணவில்லை என்று சொன்னதும் நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பாள்.

இரண்டு கிழமை கழித்து அவன் வந்தான். சைக்கிள் கரியரில் ஒரு பெரிய தயிர்ச் சட்டி கட்டியிருந்தது. எருமைத் தயிர். ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டு போக வந்தானாம். இடைவேளை தொடங்கும் நேரம். எல்லோரும் போன் போட வரிசையில் நிற்க, பழக்கதோசத்தில் அவனும் நின்று தன் போனைப் பானைக்குள் போட்டான். ஏழாம் இலக்கப் பிளாஸ்டர் இன்னும் உரியாமல் இருந்தது.

குருக்கள்மடத்துப் பிள்ளை எழுந்து வாவிப் பக்கம் போனது. கொஞ்சம் பொறுத்து அவனும் போனான். தென்னைக்குக் கீழ் இரண்டு பேரும் நின்றார்கள். நடுவில் ஒரு சைக்கிளை நிறுத்தி வைக்கிற இடைவெளி. அவள் ஏதோ சொன்னாள். அவன் ஏதோ சொன்னான். என் வீட்டுக்கு வந்துபோன இத்தனை நாளில் அவர்கள் நேருக்கு நேர் கதைத்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பானைக்குள் நண்டு பிறாண்டத் தொடங்கியது.

அவனைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் அந்தக் கதை அறுந்துபோகும். அடிக்கட்டும் என்று விடலாமா? அது நின்று, திரும்ப அடித்து, நின்று, மூன்றாம் தடவையும் அடித்தது. தாய்க்கு ஏதும் அவசரமோ என்று மூடியைத் திறந்தேன். ஏழாம் இலக்கத்தை எடுத்து, பச்சையை அமத்திக் காதில் வைத்தேன்.

"ஹலோ."

"மகன்?" ஒரு பெண் குரல், மிக மெதுவாக. "ஏன் இருட்டா இரிக்கி? மயிர் மாதிரி என்னமோ தெரியுது."

"நான் மகன் இல்ல."

"அப்ப ஆர்?"

"போன் வைச்சிருக்கிற ஆள்."

"என்ட மகன்ட போன் உங்களிட்ட ஏன் இரிக்கி?"

"எல்லாற்ற போனும் என்னிட்டத்தான் இரிக்கி. இருபத்துமூண்டு."

"ஐயோ பிள்ளையாரே, என்ட புள்ள எங்க?"

மனைவி வந்து போனை என் காதிலிருந்து பிடுங்கினாள். "இது முகம் பாத்துக் கதைக்கிற வீடியோ கோல். அந்த மனுசிக்கு உங்கட காது மட்டும்தான் தெரியுது" என்று சொல்லி அதை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். போன் கண்ணாடிக்குள் ஒரு பெண். தலையில் துணி கட்டியிருந்தா. பின்னால் எங்கள் கூடத்தைவிடப் பெரிய ஒரு குசினி. குவைத்தாம். வீட்டு வேலை. வீட்டுக்கார அம்மா பகல் நித்திரை கொள்கிற இந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் மகனோடு கதைக்கலாம்.

"முந்தி ஒவ்வொரு நாளும் கதைப்பான் ஐயா. முதல்ல வகுப்பு நாளில மட்டும் எடுக்கிறான் இல்ல, இப்ப ரெண்டு கிழமையா ஒருநாளும் எடுக்கிறான் இல்ல. என்னில கோவமோ எண்டு நினைச்சன்."

நான் பானையைப் பற்றிச் சொன்னேன்.

"பானைக்குள்ளயா?" என்றா. அதற்கு மேல் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன ஐயா, கெம்பஸ் வேணாம் ஹோட்டலுக்குப் போறன் எண்டு வொயிஸ் மெசேஜ் போட்டிரிக்கான். இதுக்காகவா நான் இஞ்ச கிடக்கன்? என்ன நடந்த எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். ஆனால் மகனுடைய காதலைத் தாய்க்குச் சொல்ல நான் யார்? சும்மாவும் நிற்க முடியவில்லை. முன்பின் தெரியாத எங்கள் ஊர் ஆளோடு கதைக்கும்போது எது வருமோ அதுதான் வந்தது.

"நீங்க எந்த ஊர் மகள்?"

ஊரைச் சொன்னா. வவுணதீவு இல்லை, இன்னும் தெற்கே. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்து புருசனுடைய பக்கத்திலேயே தங்கிவிட்டார்களாம்.

"ஆர்ட மகள்?" சொன்னா. "என்ன குடி?"

என் தோளுக்குப் பின்னால் மனைவி, "திரும்பவும் தொடங்கிற்றார்" என்றாள்.

அந்தப் பெண் குடியைச் சொன்னா. நான் சரியாகக் கேட்டுக்கொண்டேனா என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அதேதான்.

"அது மகன்ட குடி இல்லையே" என்றேன்.

"என்ட குடிதான் என்ட மகன்ட குடி. வேற ஆர்ட குடி அவனுக்கு?"

மகன் வகுப்பில் சொன்ன குடியைச் சொன்னேன்.

"அது அவன்ட அப்பாட குடி. நான் இல்லாத வீட்டுல அந்த மனிசனிட்டப் போய் 'உங்கட குடி என்ன' எண்டு கேட்டிருப்பான். அவரும் தன்ட குடியச் சொல்லியிருப்பார். கேட்டதுக்கு மட்டும்தான் ஐயா அந்த மனிசன் பதில் சொல்லும். அதுக்கு மேல ஒரு சொல்லு வாங்க ஏலாது."

நான் விரல் விட்டேன். தகப்பனும் அந்தப் பிள்ளையும் ஒரே குடி. பிள்ளைக்குக் குடி தாயிடமிருந்து வந்தது. ஆகவே பிள்ளையின் தாயும் பொடியனின் தகப்பனும் சகோதரம். பொடியனுக்கு அந்தத் தாய் மாமி முறை. மாமியின் மகள்? விரல் அங்கே வந்து நின்றது. நான் இன்னும் ஒரு தடவை சுண்டு விரலில் இருந்து எண்ணினேன். அங்கேயே வந்து நின்றது.

போனோடு வாசலுக்கு ஓடினேன். மனைவி நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப போகாதீங்க. கதைச்சு முடியட்டும்."

"முடிஞ்சு பிரிஞ்சு போயிருவாங்க."

"ஒரு வருசமா வாயால கதைக்காததுகள். இப்பதான் கதைக்குதுகள். பொறுங்க."

"ஐயா, வானமும் கூரை ஓடும் மாறி மாறித் தெரியுது. தலை சுத்துது" என்றது போன்.

ஒருபடியாக அவன் திரும்பி வர, அவளும் சற்றுப் பின்னால் வந்தாள். வாசலில் வைத்து நான் சொல்லத் தொடங்கினேன். சரியான வரிசையில் சொல்ல வரவில்லை. குவைத், பானை, தகப்பன், விரல் என்று எல்லாம் கலந்து வந்தது. கூடத்தில் இருந்த இருபது பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எட்டிப் பார்த்த காத்தான்குடிப் பிள்ளை, "வாப்பாட குடிய ஆராச்சும் தன்ட குடி எண்டு சொல்லுவாங்களா? உனக்கு எப்பிடி கெம்பஸ் கிடைச்ச?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல எல்லாத்துக்கும் அப்பாட பேர்தானே முதல்ல கேக்கிற" என்றான் அவன். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. என் விரல் வந்து நின்ற இடத்துக்கு அவள் விரல் இல்லாமலே வந்து நின்றாள்.

"அப்ப எங்கட அம்மா உங்களுக்கு என்ன முறை?" என்று அவனிடம் கேட்டாள்.

அவன் யோசித்தான். "மாமி."

"அப்ப நான்?"

அவன் என் கையிலிருந்த போனைப் பார்த்தான். அதைத் தந்தால் தட்டி அனுப்பிவிடுவான் என்று தெரிந்தது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடைவேளை இன்னும் முடியவில்லை.

"பக்கம் பக்கமா எழுதினீங்கதானே" என்றாள் அவள். "ஒரு சொல்லு. வாயால சொல்லுங்க. ரெண்டு கிழமை உங்கள அண்ணன் எண்டு நினைச்சு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மச்சாள்."

"கேக்கல்ல மனே" என்றது போன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லு. ஆர் அந்தப் புள்ள? ஐயா, உங்கட காது போதும். அந்தப் பக்கம் திருப்புங்க."

குருக்கள்மடத்துப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இவ்வளவு நேரமும் வாய் காட்டிய பிள்ளை, அந்தச் சின்னக் கண்ணாடிக்கு முன்னால் வர மாட்டேன் என்று நின்றது. மலையகத்து மச்சாளும் காத்தான்குடிப் பிள்ளையும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். குவைத்திலிருந்த அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு, "சாப்பிட்டீங்களா புள்ள?" என்று கேட்டா. அவ்வளவுதான். பிள்ளை தலையை ஆட்டியது.

அவன் பாசிக்குடாவுக்குப் போகவில்லை. இரண்டு வீட்டிலும் பேச்சு நடக்கிறது. படிப்பு முடிந்த பிறகுதான் கலியாணம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய தகப்பன் ஒருநாள் வந்து என் முன்னால் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். நான் கேட்ட ஐந்து கேள்விக்கும் ஐந்து பதில் சொன்னார்.

இடைவேளைச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தோம். ஏழாம் இலக்கம் பானைக்குள் போவதில்லை. பானையின் மூடியில் சாய்த்து நிறுத்தப்படும். அந்தப் பெண் அங்கிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டு, உள்ளி உரித்துக்கொண்டு, யார் மெலிந்திருக்கிறார்கள் என்று சொல்வா. மகனும் மற்றவர்களைப்போல் எழும்பி வந்து பானைக்குப் பக்கத்தில் இருந்து கதைப்பான்.

அவன் சைக்கிளில் கொண்டுவந்த தயிரை அன்றே பங்கிட்டோம். பிள்ளைகள் இருபத்திரண்டு, ஆசிரியை, மனைவி, நான். இருபத்தைந்து கிண்ணத்துக்கு அளவாக நான் கரண்டி எடுத்தேன். மனைவி இருபத்தாறாவது ஒன்றைக் கொண்டுவந்து போனுக்கு முன்னால் வைத்தாள். என் அளவு பிழைத்துப் போனது. கடைசிக் கிண்ணத்துக்குத் தயிர் போதவில்லை. அது எனக்கு வந்தது.

"ஐயாவுக்குக் காணாது" என்றா போனுக்குள் இருந்த பெண். "என்ட கிண்ணத்தையும் அவருக்கே குடுங்க. கருப்பட்டிப் பாணி நல்லா ஊத்திக் குடுங்க."